சித்தப்பாவின் மூன்று ஏக்கரும் பாசிப் பெட்ரோலும்

கடலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஆலப்பாக்கம் பக்கம் என் சித்தப்பாவுக்கு உப்பு ஏறிப்போன மூன்று ஏக்கர் நிலம் சும்மா கிடக்கிறது. மரபணு மாற்றிய பாசியை அதில் வளர்த்து, கரியமில வாயுவிலிருந்தே பெட்ரோல் எடுக்கப்போகிறோம், நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நாலு லட்சம் பங்குப் பணமும் போடுங்கள் என்று ஒருவர் வந்து பேசிவிட்டுப் போனார். அப்படி ஒரு உயிரி நிஜமாகவே உண்டா? இல்லை, இதுவும் மூலிகைப் பெட்ரோல் கதைதானா?"

தம்பி, உயிரி உண்டு. நாலு லட்சத்தை மட்டும் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம் என்று சித்தப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம். புதுச்சேரியில் கல்லூரி ஒன்றில் இருபத்தைந்து வருடம் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தவன் நான். மொட்டை மாடியில் பாசி வளர்த்துக் கையைச் சுட்டுக்கொண்ட அனுபவமும் உண்டு. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

வந்தவர் பாசி என்று சொன்னது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசியாக இருக்கும். பெயரில்தான் பாசி, பிறப்பில் அது பாக்டீரியா. சயனோபாக்டீரியா என்பார்கள். சித்தப்பா நெல் போட்டவர் என்றால் அவருக்கு இது பழகிய ஆள்தான். வயலில் விடும் அசோலாவின் இலைக்குள் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பது இந்த இனம்தான். மருந்துக்கடையில் சத்து மாத்திரையாக விற்கும் ஸ்பைருலினாவும் இதே இனம். இந்தப் படிப்பில் தமிழ்நாட்டுக்குப் பழைய உறவு உண்டு. சென்னையில் எம்.ஓ.பி. ஐயங்கார் பாசிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்டார், அவருடைய மாணவர் தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளை உலகமே எடுத்துப் பார்க்கும்படி வகைப்படுத்தினார். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது.

இந்த உயிரி மூன்றே மூன்று பொருளில் வாழ்கிறது: வெயில், தண்ணீர், கரியமில வாயு. கொஞ்சம் உப்புச் சத்துகள் போதும். மரம்போல வேர், தண்டு, பட்டை என்று செலவு செய்வதில்லை. சில வகைகள் நல்ல வெளிச்சத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இரட்டிக்கும். மும்பையில் பவாய் ஏரியிலிருந்து ஐஐடி ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்து 2018-இல் அறிவித்த சினெகோகாக்கஸ் வகை ஒன்று 2.3 மணி நேரத்தில் இரட்டித்தது. நம் ஊர் ஏரியில் கிடைத்த ஒன்று உலகத்தின் வேகமான வகைகளோடு போட்டி போடுகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

மரபணுவை மாற்றுவதும் இவற்றில் சுலபம். சினெகோசிஸ்டிஸ் பிசிசி 6803 என்று ஒரு வகை. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களிலேயே முதன்முதலில் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது இதற்குத்தான். ஜப்பானில் கசுசா ஆய்வகம் 1996-இல் செய்தது. சுமார் 36 லட்சம் எழுத்துகள். இந்த உயிரிக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. தண்ணீரில் டிஎன்ஏ துண்டைக் கலந்துவிட்டால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தத் துண்டின் இரண்டு முனைகளும் தன் குரோமோசோமில் ஓர் இடத்தோடு பொருந்தினால், அந்த இடத்தில் அதை ஒட்டிக்கொள்ளும். எதை எங்கே வைக்கவேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம்.

பாடப்புத்தகம் இதோடு முடித்துவிடும், ஆனால் ஆய்வகத்தில் தலைவலி இதற்குப் பிறகுதான். இவற்றில் ஒரு செல்லுக்குள் குரோமோசோம் ஒன்று இரண்டில்லை, பத்துப் பன்னிரண்டு நகல் இருக்கும். நாம் நுழைத்த மரபணு முதலில் ஒரே ஒரு நகலில்தான் ஏறும். மீதி எல்லாம் பழையபடி. நுழைத்த துண்டோடு ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணு ஒன்றையும் சேர்த்தே வைப்போம். ஆன்டிபயாடிக்கை மெதுவாகக் கூட்டிக்கொண்டே, வாரக்கணக்கில் தட்டு மாற்றித் தட்டு மாற்றி வளர்த்தால்தான் எல்லா நகலும் புதியதாகும். ஒரு நகல் மிச்சம் இருந்தாலும், அழுத்தம் குறைந்த அன்றைக்கே பழையது தலைதூக்கும். என் மாணவி ஒருத்தி மூன்று மாதம் இதைச் செய்து, கடைசியில் டிஎன்ஏவைச் சோதிக்கும் ஜெல்லில் பழைய மரபணுவின் பட்டை மங்கலாக எட்டிப் பார்த்ததும் அழுதேவிட்டாள்.

சரி, எதை நுழைக்கிறார்கள்?

இங்கேதான் கள்ளுக்கடை வருகிறது. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, எங்கள் புதுச்சேரியில் கள்ளுக்கடை உண்டு. மரத்திலிருந்து இறக்கிய இனிப்புச் சாறு மதியத்துக்குள் ஏறுவதற்கு ஈஸ்ட் மட்டும் காரணமில்லை, சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் கூட்டு. அதனிடம் இரண்டு நொதிகள் இருக்கின்றன. முதலாவது, சர்க்கரை உடையும்போது வரும் பைருவேட் என்ற சிறு மூலக்கூறை உடைத்து அசிட்டால்டிஹைடாக்கும், அடுத்தது அதை எத்தனால் ஆக்கும். நீலப்பச்சைப் பாசி வெயிலில் கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரை செய்யும் வழியில் பைருவேட் எப்படியும் உண்டாகும். ஆகவே கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் டெங், கோல்மன் இருவரும் சைமோமோனாஸின் அந்த இரண்டு மரபணுக்களையும் ஒரு சினெகோகாக்கஸுக்குள் வைத்தார்கள். 1999-இல் முடிவு வெளிவந்தது. கரும்பும் இல்லை, வெல்லப்பாகும் இல்லை. வெயிலையும் காற்றையும் கொடுத்தால் உயிரி எத்தனாலை வெளியே விட்டது. அளவு சொற்பம்தான். ஆனாலும் கதவு திறந்துவிட்டது.

பிறகு பத்து வருடம் கழித்து, 2009-இல், கலிபோர்னியாவில் ஜேம்ஸ் லியாவ் குழு இன்னும் தந்திரமாக யோசித்தது. எத்தனால் தண்ணீரோடு கலந்து நின்றுவிடுகிறது, பிரிக்கச் செலவு. ஐசோபியூட்டிரால்டிஹைடு என்ற பொருள் 63 டிகிரியிலேயே கொதிப்பது. உயிரி அதைச் செய்தால், குமிழி விடும் காற்றே அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். செல்லைக் கொல்லவும் வேண்டாம், வடிக்கவும் வேண்டாம். அதிலிருந்து ஐசோபியூட்டனால் என்ற எரிபொருளைச் செய்வது வேதியியல்காரர்களுக்குக் கை வந்த வேலை. கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதியான ருபிஸ்கோவின் மரபணுவையும் கூடுதலாக ஒரு பங்கு வைத்தார்கள். ருபிஸ்கோ ரொம்ப மந்தமான நொதி. ஒரு நொடிக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவு மூலக்கூறுகளைத்தான் பிடிக்கும், அதிலும் அடிக்கடி ஆக்சிஜனைக் கரியமில வாயு என்று நினைத்துப் பிடித்து ஏமாறும். நீலப்பச்சைப் பாசி அதை ஒரு புரதப் பெட்டிக்குள் அடைத்து, உள்ளே கரியமில வாயுவைத் திணித்து அந்தக் குறையைச் சமாளிக்கிறது.

2010-இல் இன்னொரு செய்தி. மரபணு எதையும் மாற்றாமலே பல நீலப்பச்சைப் பாசிகள் டீசலில் இருப்பது போன்ற ஆல்கேன் எண்ணெயைத் தாமாகவே துளித்துளியாகச் செய்கின்றன என்பதும், அதைச் செய்யும் இரண்டு நொதிகள் எவை என்பதும் தெரியவந்தது. வந்தவர் "பெட்ரோல்" என்று சொன்னது இதைக் கேள்விப்பட்டுத்தானோ என்னவோ. இயற்கையில் கிடைப்பது செல்லின் எடையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே.

மூலிகைப் பெட்ரோலைப் பற்றிக் கேட்டீர்கள். 1996-இல் தமிழ்நாடே அதைப் பற்றிப் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் டீக்கடையில் அடிதடி வராத குறை. அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றால், இங்கே கார்பன் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டச் சொல்லி வற்புறுத்த முடியும். சாதாரணக் கார்பனைவிடக் கொஞ்சம் கனமான கார்பன்-13 என்று ஒன்று உண்டு. பாசிக்குக் கொடுக்கும் கரியமில வாயுவில் அதை ஏற்றிவிட்டு, வெளியே வரும் எத்தனாலில் அதே கனம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அது காற்றிலிருந்து வந்தது. இல்லையென்றால் யாரோ பின்பக்கமாக ஊற்றியது.

கார்பன்-14 சோதனையும் உண்டு. கோடிக்கணக்கான வருடம் பூமிக்குள் கிடந்த பெட்ரோலில் கார்பன்-14 முழுக்கச் செத்துப் போயிருக்கும். இப்போது வளர்ந்த பயிரிலிருந்து வந்த எரிபொருளில் அது இருக்கும். சுலபமான சோதனை. ஆனால் நெய்வேலிப் புகைபோக்கியின் கரியமில வாயுவைக் கொடுத்துப் பாசி வளர்த்தால், அதுவும் பழுப்பு நிலக்கரியின் பழைய கார்பன்தான், ஆகவே நேர்மையாகச் செய்த பாசி எத்தனாலும் இந்தச் சோதனையில் பெட்ரோல் மாதிரியே தெரியும். வகுப்பில் இதைச் சொன்னால் பின்வரிசைப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆக, அறிவியல் பொய் இல்லை. பிரச்சினை கணக்கில் இருக்கிறது. ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், சித்தப்பாவையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

நம் கடற்கரையில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு விழும் வெயிலை மின்சார யூனிட்டாகச் சொன்னால் சராசரியாகச் சுமார் 5 யூனிட். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக ஏக்கருக்கு நாளொன்றுக்கு 20,000 யூனிட் வெயில். கேட்கப் பெரிய புதையல்தான். ஆனால் அந்த வெயிலில் பாதிக்கும் மேல் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படாத அகச்சிவப்பும் மற்றவையும். மீதியில், ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடித்துச் சர்க்கரையில் சேர்க்கக் குறைந்தது எட்டு ஒளித்துகள் செலவாகும். பிறகு உயிரி மூச்சுவிடவும் வளரவும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஏட்டுக்கணக்கில் எல்லாம் கூடிவந்தாலும் பத்து சதவீதத்தைத் தாண்டாது. வெளியே, வெயிலில், வருடம் முழுக்க ஒரு சதவீதம் எரிபொருளாக மாறினாலே நான் கைதட்டுவேன்.

ஒரு சதவீதம் என்றே வைப்போம்: 200 யூனிட். ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 6 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஆக ஏக்கருக்கு நாளைக்கு 33 லிட்டர், வருடத்துக்கு 12,000 லிட்டர். கரும்போடு ஒப்பிட்டால் இது பிரமாதம். ஏக்கருக்கு 40 டன் கரும்பு, டன்னுக்கு 70 லிட்டர் எத்தனால் என்றால் 2,800 லிட்டர்தான் வரும். இந்த இடத்தில்தான் எல்லாரும் மயங்கிவிடுகிறார்கள், நானும் ஒரு காலத்தில் மயங்கினேன்.

அதே ஏக்கரில் சோலார் தகடு போட்டால்? ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர், அது நாளைக்கு நாலாயிரம் யூனிட்டுக்கு மேல் தரும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வாய்ப்பாடாகச் சொல்வது. ஏக்கருக்குச் சுமார் ஆயிரம் யூனிட். இப்போது ஸ்கூட்டரில் ஏறுவோம். 33 லிட்டர் எத்தனால் 22 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றால் 1,100 கிலோமீட்டர். மின்சார ஸ்கூட்டர் ஒரு யூனிட்டுக்கு 25 கிலோமீட்டர் ஓடும் என்று குறைத்தே வைத்தாலும், ஆயிரம் யூனிட்டில் 25,000 கிலோமீட்டர். அதே நிலம், அதே வெயில். நான் முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ ஒரு பூஜ்யம் பிசகிவிட்டது என்று நினைத்து மூன்று தரம் திரும்பப் போட்டேன்.

பாசிக்கு வெயில் வீணாவதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்காரர்களின் இலையில் லட்டு மலைபோல் குவிந்து, சாப்பிட முடியாமல் கிடக்கும். கடைசிப் பந்திக்கு ரசம்கூட மிஞ்சாது. பாசித் தொட்டியிலும் அதேதான். மேலே மிதக்கும் செல்கள் தங்களால் செரிக்க முடியாத அளவு ஒளியை விழுங்கி, அதை வெப்பமாகத் துப்பிவிடும். அரை அடிக்குக் கீழே இருப்பவை இருட்டில் பட்டினி. ஒளியைப் பிடிக்கும் வலையை வேண்டுமென்றே சிறியதாக்கி, முதல் பந்தி கொஞ்சமாகத் தின்னும்படி மரபணுவை மாற்றும் வேலையைக் கலிபோர்னியாவில் மெலிஸ் என்பவர் வருடக்கணக்கில் செய்தார். எரிபொருள் மரபணுவை நுழைப்பதைவிட இதுதான் புத்திசாலித்தனமான வேலை என்பது என் கருத்து. பாராட்டு மட்டும் மற்றவர்களுக்குப் போய்விடும்.

அப்புறம் வடிக்கும் செலவு. சினெகோசிஸ்டிஸில் எத்தனாலுக்குக் கிடைத்த நல்ல முடிவுகளில் ஒன்று 2012-இல் வந்தது: லிட்டருக்கு 5.5 கிராம். கள்ளில்கூட இதைப்போல் பல மடங்கு சாராயம் இருக்கும். வெல்லப்பாகைப் புளிக்கவைக்கும் ஆலையில் லிட்டருக்கு எண்பது, நூறு கிராம் சாதாரணம். இவ்வளவு நீர்த்த குழம்பைக் கொதிக்கவைத்து எத்தனாலைப் பிரித்தால், கிடைக்கும் ஆற்றலைவிட அடுப்புக்குப் போகும் ஆற்றல் அதிகமாகிவிடும். ஃப்ளோரிடாவில் ஆல்ஜெனால் என்ற நிறுவனம் இதற்கு அழகான வழி கண்டது. நீளமான பிளாஸ்டிக் பைகளில் பாசியைத் தொங்கவிட்டு, வெயில் சூட்டில் ஆவியாகும் எத்தனால் பையின் மேற்புறத்தில் வியர்த்து வழிந்து ஓரத்தில் சேரும்படி செய்தார்கள். இட்லிப் பானை மூடியில் நீர் கோர்ப்பது மாதிரி. ரிலையன்ஸோடு சேர்ந்து ஜாம்நகரில் 2015 வாக்கில் ஒரு செயல்விளக்க நிலையமும் நடத்தினார்கள். பிறகு அந்த நிறுவனம் எரிபொருளை விட்டுவிட்டு, பாசியிலிருந்து இயற்கைச் சாயம், அழகுப்பொருள் என்று போய்விட்டது.

மாசசூசெட்ஸில் தொடங்கிய ஜூல் என்ற நிறுவனம் இன்னும் பெரிதாகப் பேசியது. ஏக்கருக்கு வருடம் 25,000 கேலன் எத்தனால் எடுப்போம் என்றார்கள். அது 95,000 லிட்டர். நம் கணக்கில் போட்டால் கிட்டத்தட்ட எட்டு சதவீதம் வெயிலை எரிபொருளாக்க வேண்டும், ஏட்டு எல்லைக்கு ஓர் அடி தள்ளி. 2017-இல் மூடிவிட்டார்கள். எண்ணெய் நிறுவனமான எக்ஸான் மொபில் 2009-இல் மரபணு விஞ்ஞானி கிரெய்க் வென்ட்டரின் நிறுவனத்தோடு 60 கோடி டாலர் வரை போடத் தயார் என்று அறிவித்துத் தொடங்கிய பாசித் திட்டம், 2023-இல் கைவிடப்பட்டது. அது எண்ணெய் சேர்க்கும் பச்சைப் பாசி, வகை வேறு. ஆனால் முட்டிக்கொண்ட சுவர் ஒன்றேதான். இவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. நல்ல படிப்பாளிகள். அதனால்தான் ஆலப்பாக்கத்தில் மூன்று ஏக்கரில் செய்து காட்டுவேன் என்கிறவரை நான் சந்தேகப்படுகிறேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். மாடிக் கதையைச் சொல்கிறேன் என்றேனே. முத்தியால்பேட்டை வீட்டு மாடியில் நாலு சிமெண்ட் தொட்டி கட்டி ஸ்பைருலினா விட்டேன். ஆனி, ஆடி வரை அருமையாக வந்தது. ஐப்பசி மழையில் தண்ணீர் நீர்த்து, காரத்தன்மை இறங்கியது. ஒரு வாரத்தில் வேறு பச்சைப் பாசி குடியேறிவிட்டது. அதைத் தின்ன என்னென்னவோ நுண்பூச்சிகள் வந்தன. பத்தாவது நாள் தொட்டியில் இருந்தது பழுப்புக் கஞ்சி. பக்கத்து வீட்டு அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

ஸ்பைருலினா உரம் வாய்ந்த உயிரி, அதிகக் காரநீரில் வளர்வதால் எதிரிகள் குறைவு. அதற்கே இந்தக் கதி. மரபணு மாற்றிய வகை இன்னும் நோஞ்சான். தன் கார்பனில் பாதியை எத்தனாலாக வெளியே கொட்டிவிடும் உயிரி, அதை மிச்சம் பிடித்து வளரும் காட்டுப் பாசியோடு திறந்த குளத்தில் போட்டியிட்டு எப்படி ஜெயிக்கும்? தனக்குள்ளேயே அந்த மரபணு பழுதான ஒரு செல் தோன்றினால், அது வேகமாகப் பெருகிக் குளத்தைப் பிடித்துக்கொள்ளும். மூடிய கண்ணாடிக் குழாய்களில் வளர்த்தால் இது குறையும், செலவு பல மடங்கு ஏறும்.

மழையையும் மறக்காதீர்கள். பாசிக் குளத்தின் ஆழம் ஒரு சாண், மிஞ்சினால் ஒரு அடி. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. குளத்தைவிட மழை ஆழம்! மூடிய குழாய் என்றால் காற்று இருக்கிறது. 2011 டிசம்பரில் 'தானே' புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி என்ன ஆனது என்று சித்தப்பாவைக் கேளுங்கள். வெயில் காலத்தில் இதற்கு நேர்மாறு. நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் ஏக்கருக்கு 20,000 லிட்டர் தண்ணீர் போய்விடும், தினமும். கடல்நீரில் வளரும் வகைகள் இருக்கின்றன, அதனால் உப்பு நிலத்துக்குப் பொருத்தம் என்று அவர் சொல்லியிருப்பார். வகைகள் இருப்பது உண்மைதான். ஆனால் ஆவியாகிப் போவது நல்ல தண்ணீர் மட்டும், உப்பு குளத்திலேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். ஈடுகட்ட நல்ல தண்ணீர்தான் விட்டாக வேண்டும். கடலோரத்தில் ஆழ்குழாய் போட்டு அவ்வளவு இறைத்தால், சித்தப்பாவின் அக்கம்பக்கத்து நிலத்துக்கும் உப்பு ஏறும்.

கரியமில வாயு காற்றிலேயே இருக்கிறதே என்பீர்கள். காற்றில் அது 0.04 சதவீதம். அந்த அளவில் குளத்துப் பாசி பட்டினிதான் கிடக்கும். அடர்த்தியான வாயுவைக் குழாயில் கொண்டுவந்து குமிழியாக விடவேண்டும். ஆகவேதான் எல்லாருடைய கண்ணும் நெய்வேலிமேல் விழுகிறது. அதற்கும் ஒரு கணக்கு: பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோ கரியமில வாயு என்று குறைவாகவே வைப்போம். ஆயிரம் மெகாவாட் நிலையம் ஒரு நாள் முழு வீச்சில் ஓடினால் 24,000 டன். நன்றாக வளரும் பாசி சதுர மீட்டருக்கு நாளைக்கு 20 கிராம் எடை கூடும், ஒவ்வொரு கிராமுக்கும் 1.8 கிராம் கரியமில வாயுவை இழுக்கும். 24,000 டன்னையும் விழுங்க வேண்டுமானால் சுமார் 670 சதுர கிலோமீட்டர் குளம் வேண்டும். காரைக்கால், மாஹி, ஏனாம் எல்லாம் சேர்த்துப் புதுச்சேரி ஒன்றியப் பகுதி முழுவதுமே 490 சதுர கிலோமீட்டர்தான். ராத்திரியில் பாசி தூங்கும், நிலையம் தூங்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிடித்த கார்பனும் எரிபொருளாகி வண்டியில் எரியும்போது திரும்பக் காற்றுக்கே போகும். ஒரு தடவை அதிகம் உழைத்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

அதற்காக இந்த ஆராய்ச்சியையே மூட்டைகட்டச் சொல்லவில்லை. பேட்டரியில் பறக்க முடியாத நெடுந்தூர விமானத்துக்கு ஏதாவது திரவ எரிபொருள் வேண்டியிருக்கும். அதைவிடப் பக்கத்தில் இருப்பது வேதிப்பொருள்கள். லிட்டருக்கு நூறு ரூபாய்க்கு விற்கும் பொருளுக்கு இந்த உயிரி கட்டாது, கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் விற்கும் பொருளுக்குக் கட்டலாம். ஸ்பைருலினாவிலிருந்து எடுக்கும் நீலச் சாயம் மிட்டாய்களில் ஏற்கெனவே வந்துவிட்டது. கடலூர் சிப்காட்டில் சாயமும் ரசாயனமும் செய்து ஆற்றுக்கும் மூக்குக்கும் நாம் கொடுத்த விலையை நினைத்தால், அந்தப் பொருள்களில் இரண்டு மூன்றையாவது வெயிலில் ஒரு பாக்டீரியா செய்யட்டுமே என்று எனக்கு ஆசையாகவே இருக்கிறது.

அந்த ஆள் மறுபடி வந்தால் சித்தப்பா கேட்கவேண்டியது அதிகமில்லை. எந்த வகை உயிரி, எந்தச் சேமிப்பு மையத்திலிருந்து வாங்கியது? மரபணு மாற்றியது என்றால் 1989 விதிகளின்படி மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவிடம் திறந்த வெளிக்கு அனுமதி வாங்கிய கடிதம் எங்கே? கரியமில வாயு எங்கிருந்து, எந்த வண்டியில் வரும்? சதுர மீட்டருக்கு நாளைக்கு எத்தனை கிராம், அதுவும் ஐப்பசியில் எத்தனை? கடைசிக் கேள்விக்கு "ஏக்கருக்கு இத்தனை லட்சம் வருமானம்" என்று பதில் வந்தால், மோர் கொடுத்து அனுப்பிவிடலாம். ஈமு கோழிக்காரர்களும் காட்டாமணக்கு நாற்று விற்றவர்களும் கிராமைச் சொன்னதில்லை, லட்சத்தைத்தான் சொன்னார்கள்.

நிலம் சும்மா கிடக்கிறதே என்று சித்தப்பாவுக்கு ஆதங்கமாக இருந்தால், ஸ்பைருலினா நிஜமான தொழில். ஆரோவில்லில் வருடக்கணக்காகச் செய்கிறார்கள், புதுக்கோட்டைப் பக்கம் ஊனையூரில் பாரி நிறுவனம் பெரிய அளவில் செய்கிறது. மரபணு மாற்றம் தேவையில்லை, சமையல் சோடா கலந்த காரநீர் போதும். துணியில் வடிகட்டி, முறுக்கு மாதிரி பிழிந்து காயவைப்பார்கள். விற்பதுதான் கஷ்டம், வளர்ப்பதில்லை. வாங்குபவரை முதலில் பிடித்துவிட்டு, மூன்று ஏக்கரையும் தோண்டாமல், பொங்கல் கழித்து வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்தடியில் ஒரே ஒரு தொட்டி போடச் சொல்லுங்கள். தாய்ப்பாசி வேண்டுமானால் என்னிடம் ஒரு வாளி இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம். மேலே வலை கட்டச் சொல்லுங்கள். என் தொட்டியில் காக்கா குளித்தது.